இருபது காசைத் தேடி பெங்களூருக்கு

எங்கள் அம்மாயியின், அதாவது அம்மாவின் அம்மாவுடைய, சுருக்குப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு டப்பி எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு செப்புக் காசு கிடக்கும். பழைய ஒரு ரூபாய் அளவுக்கு அகலம், ஓரமெல்லாம் தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். "எங்கம்மா குடுத்தது கண்ணு, கெடக்கட்டும்" என்பார். வேறு விவரம் கேட்டால் அவருக்கும் தெரியாது. அவர் போன பிறகு அந்தப் பை என்னிடம் வந்தது. கரூரில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் வாத்தியார் ஐயாவிடம் காசைக் கொண்டுபோய்க் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர், நாற்பது வருடமாகக் காசு சேர்க்கிறவர்.

அவர் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தார். சாய்த்ததும் ஒரு சிங்கத்தின் பின்னங்கால் தெரிந்தது. கீழே 18 என்று இரண்டு இலக்கம். மறுபக்கம் பாரசீக எழுத்தின் வளைவு ஒன்று, அதற்குக் கீழே எக்ஸ் எழுத்து. "இருபது காசு அம்மிணி. கம்பெனிக்காரன் மெட்ராசுக்காக அடிச்சது. 1808 ஆத்தான் இருக்கும்" என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குக் கணக்கு தெரிந்தது. அப்போது மெட்ராஸ் மாகாணத்தில் 80 காசு சேர்ந்தால் ஒரு பணம், 42 பணம் சேர்ந்தால் ஒரு வராகன். இருபது காசு என்றால் கால் பணம். இதை அடித்தது இங்கே இல்லை. இங்கிலாந்தில் பர்மிங்காம் பக்கம், மேத்யூ போல்ட்டனின் சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தில் அச்சடித்து, பீப்பாயில் போட்டுக் கப்பலேற்றி அனுப்பினார்கள். ஒரு பக்கம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கேடயம், இரண்டு சிங்கம், கொடி. மறுபக்கம் பாரசீகத்தில் 'இருபது காசு நான்கு ஃபலூஸ் ஆகும்' என்று எழுதி (ஃபலூஸ் என்றால் அந்த மொழியில் செப்புக் காசு), ஆங்கிலத்தில் மறுபடியும் இருபது காசு, இருபதுக்கு ரோமன் எண்ணில் இரண்டு எக்ஸ். காசு என்ற நம்முடைய சொல் அந்தச் செம்பில் இரண்டு அந்நிய எழுத்துகளில் இருக்கிறது. தமிழ் எழுத்தில் மட்டும் இல்லை. அதே 1807, 1808 காலத்து வெள்ளி அரை வராகனில் கோபுரமும் பெருமாளும் இருக்க, தமிழும் தெலுங்கும் எழுதியிருக்கிறார்கள். செம்புக்கு அந்த யோகம் வாய்க்கவில்லை.

அப்புறம் வாத்தியார் ஐயா கப்பல் கதையைச் சொன்னார். அட்மிரல் கார்டனர் என்ற கம்பெனிக் கப்பல் 1809 ஜனவரியில் மெட்ராசை நோக்கிக் கிளம்பியது. டன் கணக்கில் பத்துக் காசும் இருபது காசும் அதில் இருந்தன. இங்கிலாந்துக் கரையைத் தாண்டுவதற்குள் கெண்ட் பக்கத்தில் குட்வின் மணல் திட்டில் புயலில் சிக்கி மூழ்கிவிட்டது. 1980களில்தான் முக்குளித்து மேலே எடுத்தார்கள். அந்தக் காசுகள் இன்றைக்கும் விற்பனைக்கு வருகின்றன. கடலுக்கடியில் கிடந்ததால் மேல்தோல் சொரசொரப்பாக இருக்கும். ஆனால் ஒரு கையும் படாததால் சிங்கத்தின் பிடரி மயிர்கூட அப்படியே நிற்கும்.

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. வந்து சேர்ந்த காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. உப்புக்கும் மிளகாய்க்கும் கை மாறி மாறித் தேய்ந்து சிங்கத்தை இழந்த காசு. வராமலே போன காசு ஒன்றை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும் என்று ஆசை வந்தது.

"பெங்களூர்ல பெரிய கண்காட்சி வருது. அங்க கெடைக்கலாம். ஆனா இன்னும் மூணு மாசம் இருக்குது, அதுக்குள்ள தயார் ஆகணும்" என்றார் ஐயா. கண்காட்சிக்குப் போக என்ன தயாரிப்பு, டிக்கெட் எடுத்துப் போக வேண்டியதுதானே என்று நினைத்திருந்தேன். அந்த மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். முதல் தடவை போகிறவர்களுக்குப் பயன்படும்.

பெரிய கண்காட்சியில் என்ன இருக்கும் என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மண்டபம் நிறைய மேசைகள். ஒரு மேசையில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்தைய முத்திரைக் காசு, பக்கத்து மேசையில் மொகலாயர் வெள்ளி, அதற்கடுத்து திருவிதாங்கூர் சக்கரம், ஹைதராபாத் சார்மினார் ரூபாய், சுதந்திர இந்தியாவின் நினைவு நாணயம், பழைய நோட்டு, தபால் தலை. இன்னொரு பக்கம் சேகரிப்பாளர்கள் கண்ணாடிச் சட்டத்தில் வைத்திருக்கும் காட்சிப் பலகைகள். மாலையில் ஏலம். எதைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யாமல் உள்ளே போனால், நான்கு மேசை தாண்டுவதற்குள் கையில் இருக்கும் பணம் நான்கு சம்பந்தமில்லாத காசுகளாக மாறியிருக்கும். ஐயாவுக்கு 1980களில் அப்படித்தான் நடந்ததாம். ஊருக்கு வந்து பார்த்தால் எதுவும் எதோடும் சேரவில்லை.

அதனால் ஒரு நோட்டில் ஒரே ஒரு பக்கம் எழுதச் சொன்னார். தலைப்பில் 1808, இருபது காசு. அதற்குக் கீழே சரியான எடை: சுமார் 9.3 கிராம். அகலம் சுமார் 31 மில்லிமீட்டர். பத்துக் காசு என்றால் எடை அதில் பாதி. எழுத்து எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, சிங்கத்தின் முகம் எந்தப் பக்கம், கொடியில் என்ன கோடு, எல்லாவற்றையும் படத்தைப் பார்த்து நானே பென்சிலில் வரைந்தேன். கை வரைந்ததைக் கண் மறப்பதில்லை என்பது ஐயாவின் கட்சி. அது உண்மை என்று பெங்களூரில் தெரிந்தது. பக்கத்தின் பின்புறம் எதையெல்லாம் வாங்க மாட்டேன் என்று எழுதினேன். ஓட்டை போட்டது வேண்டாம், பாலிஷ் போட்டது வேண்டாம், எடை கேட்டால் தயங்குகிறவரிடம் வேண்டாம்.

கண்ணைப் பழக்க வீட்டுச் சில்லறையே போதும். உண்டியலைக் கொட்டி, ஒவ்வொரு நாணயத்திலும் வருடத்துக்குக் கீழே பாருங்கள். வைரக் கட்டம் இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றுமே இல்லை என்றால் கொல்கத்தா. ஒரு வாரம் இதைச் செய்தால், இத்தனை நாள் கையில் புழங்கியதை ஒருநாளும் பார்க்கவில்லை என்று புரியும். சென்னை போனபோது எழும்பூர் அருங்காட்சியகத்தில் அரை நாள் நின்றேன். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை, அதைப் பார்த்துப் போங்கள். உண்மையான காசு எப்படித் தேயும், எந்த நிறத்தில் கருக்கும் என்பதைப் படத்தில் பார்த்து முழுதாகப் புரிந்துகொள்ள முடியாது.

பொய்க் காசு பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு திருவிழாக் கடையில் ராஜராஜன் செப்புக் காசு ஒன்று வாங்கியிருந்தேன். ஒரு பக்கம் நின்ற உருவம், மறுபக்கம் அமர்ந்த உருவமும் நாகரியில் ராஜராஜ என்ற எழுத்தும். சோழர் காசு என்று பூஜை அறையில் வைத்திருந்தேன். ஐயா அதை வாங்கி, தன்னுடைய ராஜராஜன் காசு ஒன்றையும் எடுத்து, இரண்டையும் ஒரு வெள்ளைத் துணியில் வைத்தார். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை என் கையில் கொடுத்து, "நான் சொல்ல மாட்டேன், நீயே பாரு" என்றார்.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, காசைத்தான் லென்ஸுக்குக் கொண்டுவர வேண்டும். அதைப் பழகவே கொஞ்ச நேரம் ஆனது. ஐயாவின் காசில் உருவத்தின் விளிம்பு வெட்டினாற்போல் நின்றது. அச்சு விழுந்த வேகத்தில் செம்பு வெளிப்புறமாக ஓடிய கோடுகள் ஓரத்தில் தெரிந்தன. பள்ளங்களில் கறுப்பும் பச்சையும் கல்லைப் போல இறுகியிருந்தன. என்னுடையதில் எல்லா விளிம்பும் உருகிய சோப்பைப் போல மழுங்கியிருந்தது. சமமான இடங்களில் ஊசி குத்தியதுபோல வட்ட வட்டமான சிறு குழிகள். உருக்கி வார்க்கும்போது காற்றுக் குமிழி வெடித்த இடம் அது. காசை நிமிர்த்தி விளிம்பைப் பார்த்தேன். சுற்றிலும் மெல்லிய கோடு ஒன்று, அதை அரத்தால் தேய்த்து மறைக்கப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பாதி வார்ப்பு சேர்ந்த இடம். நான் ஒன்றும் பேசவில்லை. ஐயாவும் பேசவில்லை, காப்பி கொண்டுவரச் சொன்னார். அந்தக் காசை இன்றைக்கும் தூக்கிப் போடவில்லை. பொய் எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்ள அதைவிட நல்ல பாடம் என்னிடம் இல்லை.

வார்ப்பு ஒரு வகை. வருடத்தைத் திருத்துவது இன்னொரு வகை. ஆறாம் ஜார்ஜின் 1939 வெள்ளி ரூபாய் அரிதானது, விலை அதிகம். அதனால் 1938ஆம் வருட ரூபாயில் எட்டைச் செதுக்கி ஒன்பதாக்கிவிடுகிறார்கள். கடைசி இலக்கத்தைச் சுற்றி உலோகம் கீறியிருக்கிறதா, அந்த ஒன்பதின் வால் பக்கத்து இலக்கத்தின் உயரத்துக்கு நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். 1818 என்று போட்டு ராமர் பட்டாபிஷேகம் பதித்து, கம்பெனி காசு என்று விற்பதெல்லாம் கம்பெனி அடித்ததே இல்லை. அரிசியை இழுக்கும் காசு என்று சொல்லி ஊர் ஊராக நடக்கும் மோசடியில் சொத்தை இழந்த குடும்பங்கள் எங்கள் பக்கமும் உண்டு. அப்படி யாராவது பேச்செடுத்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

பையில் என்ன எடுத்துப் போகலாம்? பத்து மடங்கு லென்ஸ் ஒன்று, 0.01 கிராம் வரை காட்டும் சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று, அகலம் அளக்க பிளாஸ்டிக் வெர்னியர், காசு வைக்க நான்கைந்து அட்டை ஹோல்டர், பென்சில், அந்த ஒரு பக்க நோட்டு. இதற்கு மேல் சுமை வேண்டாம். மிருதுவான, வாசனை அடிக்கும் சாதா பிளாஸ்டிக் கவர் மட்டும் கூடாது. பிவிசி கவரில் இரண்டு கோடை கழிந்தால் காசின்மேல் பசை மாதிரி பச்சை படரும், செம்பை அரித்துவிடும்.

காசைக் கழுவுவது பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் வீடுகளில் செம்பு என்றாலே புளி. அம்மாயியின் காசையும் ஒரு ஆடிப்பெருக்குக்கு அம்மா குத்துவிளக்கோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். நூறு வருடக் கறுப்பு ஒரு நிமிடத்தில் போய், புதுச் செம்பாக மின்னியது. மறுபடி கருத்துவிட்டது, ஆனால் பழைய நிறம் திரும்பவில்லை. விற்கப் போகிறவரும் சரி, காட்டப் போகிறவரும் சரி, தயவு செய்து தேய்க்காதீர்கள். அழுக்கோடு இருக்கும் காசைச் சேகரிப்பாளர் ஆசையாக வாங்குவார். தேய்த்ததைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

பணத்தை மூன்று உறையாகப் பிரித்தேன். தேடிப் போன காசுக்கு ஒன்று, எதிர்பாராமல் கண்ணில் படுவதற்குச் சின்னதாக ஒன்று, சாப்பாட்டுக்கும் திரும்பி வரவும் ஒன்று. மூன்றாவதைத் தொடவே கூடாது. எல்லா மேசையிலும் யுபிஐ உண்டு, ஆனால் கூட்டம் நிறைந்த மண்டபத்தில் சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கும். நூறும் இருநூறுமாகக் கொஞ்சம் நோட்டு இருப்பது நல்லது. பில் கேட்டு வாங்குங்கள். பொய் என்று தெரிந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டு, அதையும் பில்லிலேயே எழுதச் சொல்லுங்கள். நல்ல வியாபாரி முகம் சுளிக்க மாட்டார்.

கரூர்க்காரி என்பதால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் அமராவதி ஆற்று மணலில் ரோமக் காசும் சேரர் காசும் எத்தனையோ கிடைத்திருக்கின்றன. மாக்கோதை, குட்டுவன் கோதை என்று பெயர் பொறித்த வெள்ளிக் காசுகள் இங்கே கிடைத்ததால்தான் சங்கப் பாட்டில் வரும் சேரர்கள் கையில் தொடக்கூடியவர்கள் ஆனார்கள். பெருவழுதி என்ற எழுத்துள்ள பாண்டியர் காசைப் படித்து வெளியிட்ட நாணய ஆய்வாளர் இரா. கிருஷ்ணமூர்த்தி போன்றவர்களின் உழைப்பும் அப்படிப்பட்டது. ஆனால் எங்கே, எந்த மண்ணடுக்கில், எதோடு கிடைத்தது என்ற விவரம் போய்விட்டால் காசு பாதி ஊமை. 1878ஆம் வருடப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள், 1972ஆம் வருடச் சட்டப்படி அனுமதி இல்லாமல் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. மண்ணோடு, சேற்றோடு, 'நேத்துத்தான் தோண்டினது' என்று யாராவது நீட்டினால் நான் கையில்கூட வாங்குவதில்லை.

விற்பதற்காகப் போகிறவர்களும் உண்டு. டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டு, வைஷ்ணவ தேவி பத்து ரூபாய், ஓட்டைக் காலணா, இவற்றுக்கு லட்சக்கணக்கில் தருவதாக வரும் வீடியோக்களை நம்பி பஸ் ஏறி வருகிறார்கள். ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்கும் கும்பலைப் பற்றி அந்த வங்கியே 2021ல் எச்சரித்தது. ஓட்டைக் காலணா 1943லிருந்து 1947 வரை கோடிக்கணக்கில் அடித்த காசு. பெங்களூரில் ஒரு பெரியவர் அதை மஞ்சள் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தார். மகள் கல்யாணத்துக்கு ஆகும் என்று நினைத்திருக்கிறார். மேசைக்காரர் அவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அதே காசு தன் டப்பாவில் குவிந்து கிடப்பதைக் காட்டினார். அவர் துணியை மறுபடி முடிந்துகொண்டு போனதை என்னால் மறக்க முடியவில்லை. போகும் முன்னால் யாரிடமாவது விலையை விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஏலத்துக்கு முதல் தடவை போய் உட்கார்ந்து பாருங்கள், கை தூக்க வேண்டாம். கேட்கும் விலைக்கு மேல் கமிஷன் உண்டு, அதற்கு மேல் ஜிஎஸ்டி உண்டு.

கண்காட்சி நாளில் இரவு ரயிலில் போய் இறங்கி, மெஜஸ்டிக் பக்கம் இட்லி சாப்பிட்டுவிட்டு, கெம்பேகவுடா சாலையில் மண்டபத்துக்குப் போனபோது கதவே திறக்கவில்லை. ஐயா சொன்னபடி முதல் சுற்றில் எதையும் வாங்காமல் எல்லா வரிசையும் நடந்தேன். எந்த மேசையில் கம்பெனி செம்பு இருக்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டேன். பதினொரு மேசை வந்தது. அதற்குள் ஒரே வகைக் காசுக்கு எத்தனை விதமாக விலை சொல்கிறார்கள் என்று பிடிபட்டுவிட்டது.

மேசையில் நடந்துகொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. பையை மேசைமேல் வைக்கக் கூடாது. கேட்காமல் காசைத் தொடக் கூடாது. எடுத்தால் ஓரத்தில் மட்டும் பிடித்து, தட்டுக்கு மேலேயே வைத்துப் பார்க்க வேண்டும், விழுந்தாலும் துணியில் விழும். ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் அடுத்ததை எடுப்பது. பக்கத்தில் நிற்பவர் ஒரு காசை விலை பேசிக்கொண்டிருந்தால் அவர் வைக்கும் வரை நாம் அதைக் கேட்கக் கூடாது. பேரம் பேசலாம், எல்லோரும் பேசுகிறார்கள். "கடைசியா என்ன விலைங்க?" என்று ஒரு தடவை மரியாதையாகக் கேட்டால் போதும்.

மதியம் மூன்று மணிக்கு, மூலையில் இருந்த ஒரு மேசையில், வெல்வெட் தட்டின் கடைசி வரிசையில் அது இருந்தது. சந்தன நிறத்தில் மங்கிய செம்பு, தோல் முழுக்க மணல் தூவியதுபோலப் பொரிப் பொரியாக. கூடவே கப்பலின் பெயர் போட்ட சான்றிதழ் அட்டை. அட்டையைவிடக் காசைத்தான் நம்ப வேண்டும் என்று ஐயா சொல்லியிருந்ததால், அனுமதி கேட்டு லென்ஸில் பார்த்தேன். நான் பென்சிலில் வரைந்த சிங்கம் அங்கே நின்றது. கொடியின் கோடு, கேடயத்தின் சிலுவை, கீழே 1808, நான்கு இலக்கமும் முழுதாக. மேசைக்காரர் தமிழர்தான், ராயபுரத்துக்காரர். எடை பார்க்கலாமா என்றதும் அவரே தன் தராசை நகர்த்தினார். எதற்காக இவ்வளவு பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அம்மாயியின் காசை எடுத்துக் காட்டினேன்.

அவர் அதை ஓரத்தில் பிடித்து வாங்கி, கொஞ்ச நேரம் சும்மா வைத்திருந்தார். "இது வந்துச்சு, அது வரல" என்றார். சொன்ன விலையில் இருநூறு ரூபாய் அவராகவே குறைத்தார்.

ஊருக்கு வந்த அன்று மாலை ஐயா வீட்டுத் திண்ணையில் இரண்டையும் நிறுத்தோம். கடல் காசு 9.1 கிராம். அம்மாயி காசு 8.2. கடலில் போன எடை கொஞ்சம்தான். அம்மாயி காசில் குறைந்தது முழுக்க மெட்ராஸ் மாகாணத்து விரல்களில் போயிருக்கிறது. இப்போது இரண்டும் ஒரே அட்டையில், சுருக்குப் பைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அடுத்த கண்காட்சிக்கு நோட்டில் புதிய பக்கம் எடுத்து, மேலே 'அரை வராகன், 1807, வெள்ளி' என்று எழுதி, கோபுரத்தை வரையத் தொடங்கியிருக்கிறேன்.